பழனியாண்டி ஒட்டிய குழாய்

இலங்கையில், ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பழனியாண்டிக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்கிற வேலை. மலை உச்சி ஊற்றிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தண்ணீர்ப் பீலிவரை இரும்புக் குழாய் இறங்கி வரும். உடைந்தால் அவர்தான் ஒட்ட வேண்டும்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மழையில், லயத்துக்கு மேலே ஒரு மூட்டு கழன்றது. முனைகள் சேரவில்லை. நடுவே நாலு விரல் இடைவெளி. துண்டுக் குழாய் வைத்து இணைத்தார். அடுத்த மழைக்கும் அதே இடம். அதற்கடுத்த மழைக்கும் அதே இடம். ஒவ்வொரு முறையும் குழாயைத் தோளில் சுமந்து, அட்டை கடிக்க ஏறினார்.

"என்னய்யா, குழாயத் திங்கிறியா?" என்றார் குழாய் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் கிளாக்கர்.

"மல நகருதுங்கய்யா. மேல்பக்கம் நிக்கிது, கீழ்பக்கம் எறங்குது."

"நீ சரியா முறுக்கல. மலையக் குத்தம் சொல்றே."

ஒன்பது வருடம் இதே பேச்சு. மலை ஏறிய களைப்பைவிட அதுதான் அவரை அதிகம் சோர வைத்தது. லயத்துச் சுவர்கள் வெடித்தன. மனைவி மருதாயி கதவைத் தோளால் தூக்கித்தான் சாத்தினாள்.

இரண்டாயிரத்து மூன்று மே மாதம், விடாமல் மூன்று நாள் மழை. ஏறிப் பார்த்தவர் அப்படியே நின்றார். குழாய் ஒரு முழம் விலகியிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் நெடுக வாய் பிளந்திருந்தது.

அவர் கிளாக்கரிடம் போகவில்லை. நேரே தோட்ட மேலாளரான தொரையின் பங்களாவுக்குப் போனார். தொரை, மண்சரிவு பார்க்கிற அரசாங்க அதிகாரியை வரவழைத்தார். வந்தவர் சிங்களத்தில் கேட்க, பழனியாண்டி சிங்களத்திலேயே சொல்லி, ஒட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாத் துண்டுகளையும் சேர்த்து டேப் பிடித்து அளந்தபோது, மலை ஆறரை அடி நகர்ந்திருந்தது. இன்றைக்கே லயத்தைக் காலி செய்யுங்கள் என்றார் அதிகாரி.

பதினாறு குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கின. "சும்மா இருந்தவங்கள கெளப்பி விட்டுட்டாரு" என்று முணுமுணுத்தார்கள். நாலாம் நாள் காலை, லயத்தின் கடைசி நாலு காம்பரா வீடுகள் சாய்ந்து மண்ணுக்குள் உட்கார்ந்தன. உள்ளே யாருமில்லை.

பிறகு தகரக் கொட்டகையில் ஐந்து வருடம். ஒருநாள் கிளாக்கர் அங்கே வந்து, "நீ சொன்னதுதான்யா சரி" என்றார்.

"சரியா இருந்து என்னங்க செய்யிறது?" என்றார் பழனியாண்டி. சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

இரண்டாயிரத்து எட்டில் எதிர்மலையில் வீடு கட்டக் காணி நிலம் கிடைத்தது. மற்றவர்கள் எல்லைக்கல்லைத் தேட, அவர் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுற்றி வந்தார்.

"மரமெல்லாம் சாயாம நிமுந்துதான் நிக்கிது. இந்த மல நகரல" என்றார் மருதாயியிடம். "அத்திவாரம் தோண்டச் சொல்லு. நா கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன்."