எழுந்து நின்று கேட்ட சிம்பொனி

சொல்லின் துணையில்லாத இசையும் ஓர் அவையைக் கட்டிப்போடும் என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் நான் முழங்கி அமர்ந்தேன். எதிரணித் தலைவி ஒலிவாங்கியை நிதானமாகத் தன் பக்கம் திருப்பினாள்.

"இவரு பேசறப்பவே பாதிப் பேரு திருச்செங்கோட்டு பஸ்ஸுக்குப் போயிடறாங்க. பேசாத பாட்டுக்கு யாருங்க இருப்பாங்க?"

அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நடுவராக இருந்த தமிழ்ப் பேராசிரியர் ஒரு பந்தயம் வகுத்தார். கல்லூரி விழாவில் நான் விரும்பும் இசையை ஒலிக்கச் செய்யலாம். அது முடியும்வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது. அவை கலையாதிருந்தால் சேலத்தில் நடக்கும் பட்டிமன்ற இறுதிச்சுற்றுக்குக் கல்லூரி அணியின் தலைவன் நான். கலைந்தால் அவள்.

நம் காலத்துப் பின்லாந்து இசையமைப்பாளர் ஒருவரின் சிம்பொனிகளைப் பெரிய வாத்தியக்குழு வாசித்த ஒலிப்பதிவைத் தேர்ந்தேன். அதிலிருந்து விழாவுக்கு நான் எடுத்துக்கொண்ட முதல் சிம்பொனி, பித்தளைக் குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல எழும் கம்பீரத்தில் தொடங்கும். அக்கம்பீரத்தின் முன் எந்த அவையும் பணியும் என்பது என் துணிபு.

விழாவன்று நன்றியுரை ஆற்றவிருந்த மாணவர் வெண்ணந்தூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால், இசைக்கு முன்னரே நன்றி நவின்று மேடையிலிருந்து இறங்கி ஓடினார். உடனே ஒலிபெருக்கியில் குழல்கள் எழுந்தன. நம் விழாக்களில் நன்றியுரைக்குப் பின் ஒலிபெருக்கியில் வருவது ஒன்றே ஒன்றுதான். நாட்டுப்பண் என்றெண்ணி அரங்கம் முழுவதும் எழுந்து விறைப்பாக நின்றது.

என்னருகே நின்ற சிறப்பு விருந்தினர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் உரிமையாளர். சற்று நேரத்தில் அவருக்கு ஐயம் வந்தது.

"நம்முளுது மாதிரி இல்லீங்களே சாமி. எந்த நாட்டுதுங்க?"

பேசக் கூடாதே, நிகழ்ச்சி நிரலில் 'பின்லாந்து' என்ற சொல்லைச் சுட்டினேன்.

"குளுரு நாடுங்களா? அப்ப நீளமாத்தான் இருக்கும். மருவாதைக்கு நிப்போமுங்க" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அவரைப் பார்த்து முன்வரிசை நிமிர்ந்தது. முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசைகள் நிமிர்ந்தன.

'அமருங்கள்' என்ற ஒரு சொல் போதும். சொன்னால் பந்தயம் போயிற்று. ஆதலால் நானும் நின்றேன். வயலின்கள் கொந்தளித்தன, முரசு அதிர்ந்தது, ஒரு புல்லாங்குழல் தனியே எங்கோ அலைந்து திரும்பியது. எவரும் கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. மூன்றாம் வரிசையில் எதிரணித் தலைவியும் கைகளை விலாவோடு ஒட்டி வைத்து என்னை முறைத்தபடியே நின்றாள்.

ஒருவழியாக இசை ஓய்ந்தது. நாட்டுப்பண்ணுக்குக் கைதட்டும் வழக்கம் இல்லையாதலால் ஒருவரும் தட்டவில்லை.

"அவை கலையவில்லை" என்று பேராசிரியர் முழங்காலைத் தடவியவாறே தீர்ப்பளித்தார்.

எதிரணித் தலைவி மேடைப்படியருகே வந்தாள். "சேலத்துக்கு நீங்களே போங்க. அங்கயும் மறக்காம நன்றியுரைய முன்னாடியே வெச்சிருங்க."

தகுந்த மறுமொழி என் நாவில் ஆயத்தமாகவே இருந்தது. வாய் திறப்பதற்குள் மெய்யான நாட்டுப்பண் ஒலித்தது. மீண்டும் வாய்மூடி நின்றேன்.