முப்பத்தேழாம் நம்பர் கால்

அமெரிக்காவில் யாரோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அதனால் எங்கள் அம்மா மூன்று நாளைக்குக் குடம் தூக்கக்கூடாது என்று எங்கள் தெருவில் முடிவானது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அப்போது எனக்கும் சரியாகத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் குடத்தை யார் தூக்குவது என்பதுதான் என் கவலை.

ஆம்பூரிலிருந்து பேர்ணாம்பட்டு போகிற வழியில் எங்கள் ஊர். காலை ஏழு மணிக்கெல்லாம் ஷூ கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். எங்கள் தெருவிலிருந்து மட்டும் பதினாறு பெண்கள் ஏறுவார்கள். அம்மாவுக்கு ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, அதே கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருந்தாள். புது மாடல் எது வந்தாலும் முதல் ஜோடியை அங்கேதான் செய்து பார்ப்பார்கள். பெரியம்மா எங்களுக்குப் பக்கத்து வீடு என்பதால் சாம்பிள் ரூமில் காலையில் நடப்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

அம்மாவுக்குக் கம்பெனியில் இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குத் தனிச் சம்பளமெல்லாம் இல்லை, ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். அவள் கால் முப்பத்தேழாம் நம்பர். வெளிநாட்டுக்குப் போகிற பெண்கள் ஷூவை முதலில் அந்த நம்பரில் செய்து, யாராவது ஒருத்தியைப் போட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அது சரியாக அமைந்தால்தான் மற்ற நம்பர்களை வெட்டத் தொடங்குவார்கள். முப்பத்தேழு போடுகிறவர்கள் கம்பெனியில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் ஒருத்திக்குச் சுண்டுவிரல் வெளியே தள்ளியிருக்கும், இன்னொருத்திக்குப் பாதம் அகலமாக இருக்கும். அம்மாவின் கால் மட்டும் ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கம்பெனி அச்சுக் கட்டை மாதிரியே இருக்கும். அதைவிட முக்கியம், அவள் வாய். இங்கே கடிக்கிறது, இங்கே லூசாக இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். மேனேஜர் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்கிற பழக்கமே அவளிடம் கிடையாது.

அந்தக் காலைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. ஒருநாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது என் ஸ்கேலை வைத்து அளந்தேன். இருபத்து மூன்றரைதான் வந்தது. முப்பத்தேழு என்று சொல்லி இத்தனை வருஷமாகக் கம்பெனியையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாளே என்று பயந்துபோனேன். யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் திரிந்தேன். கடைசியில் பெரியம்மாவிடம் உளறியபோது, அது ஷூ நம்பர், சென்டிமீட்டர் இல்லை என்று சொல்லி, தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள்.

அப்பா ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். உலக விஷயமெல்லாம் ஆட்டோவில் ஏறித்தான் எங்கள் வீட்டுக்கு வரும். நம் ஊர் ஷூ அமெரிக்காவில் போய் இறங்கினால் நூறு ரூபாய்க்கு ஐம்பது ரூபாய் வரியாம், அப்புறம் அங்கே எவன் வாங்குவான் என்று ஒருநாள் சொன்னார். நாம் என்னப்பா தப்பு செய்தோம் என்று கேட்டேன். அவர்களுக்குப் பிடிக்காத இடத்தில் எண்ணெய் வாங்கிவிட்டோமாம் என்றார். நாங்கள் ரேஷன் கடையில் பாமாயில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு அமெரிக்கா மேல் பெரிய வருத்தம்.

முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். அப்புறம் அமெரிக்கா ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த லைனையே நிறுத்திவிட்டு, சொல்லி அனுப்புகிறோம், அதுவரைக்கும் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேன் வந்தால் பெரியம்மா ஒருத்திதான் ஏறிப் போனாள். மற்ற பதினைந்து பேரும் பட்டப்பகலில் வீட்டில் இருந்ததில் தெருவின் முகமே மாறிவிட்டது. குழாயடியில் தினமும் சண்டை. அம்மா சண்டைக்குப் போகமாட்டாள். கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது.

இப்படி ஒன்றரை மாதம் போனபிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பெரியம்மா வேனிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்களிடம் வந்தாள். ஐரோப்பாவிலிருந்து ஒரு புதுக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். வியாழக்கிழமை சாம்பிள் பார்ப்பார்கள். ஃபிட்டிங் சரியாக இருந்தால் நிறுத்தின லைனை மறுபடி ஓட்டுவோம், பதினைந்து பேரும் வேலைக்கு வரலாம் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். கூடவே அம்மாவுக்கு ஒரு உத்தரவும் அனுப்பியிருந்தார்: காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்னது அம்மாவுக்கு. எடுத்துக்கொண்டது தெரு. அம்மா குடம் தூக்கக்கூடாது, வெறுங்காலோடு வாசலில் இறங்கக்கூடாது, குந்தி உட்கார்ந்து துணி துவைக்கக்கூடாது. ஒருத்தி விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள், ஒருத்தி துணியை வாங்கிக்கொண்டு போனாள். கத்திரிக்காய் தின்றால் காலில் அரிப்பு வரும் என்று யாரோ சொன்னதால் எங்கள் வீட்டுக் குழம்பிலிருந்து கத்திரிக்காய் போய்விட்டது. அம்மா அன்று ராத்திரி கூசிப்போய், எனக்கு இன்னா ஆச்சு, எதுக்கு இந்த அலட்டல் என்றாள். மறுநாளே ஸ்டூலின் மேல் காலை நீட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் டீ இருக்கா என்று கேட்டாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் சிரிப்பாக வந்தது. இன்னொரு பக்கம், அவள் விட்ட வேலையெல்லாம் என் தலையில் வந்து விழுந்ததில் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்தது. அப்பா ஆட்டோவுக்குப் போய்விட்டார். சின்னக் குடத்தை எடு என்று அம்மா சொல்லியும் கேட்காமல், வீம்புக்குப் பெரிய எவர்சில்வர் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். நிறையப் பிடித்து இடுப்பில் வைத்து, தள்ளாடித் தள்ளாடி வாசல்படி வரைக்கும் வந்துவிட்டேன். அம்மா வாங்குவதற்காக எழுந்து வந்தாள். அவள் கை படுவதற்குள் குடம் இடுப்பிலிருந்து வழுக்கிவிட்டது. அடிப்பகுதி அவளுடைய வலது கால் மேல்பாதத்தில் நேராக இறங்கியது.

நான் வாயைத் திறந்து அலறப் போனேன். அம்மா தன் காலைப் பார்க்கக்கூட இல்லை. எட்டி என் வாயை அழுத்திப் பொத்தினாள். குழாயடியில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "கத்தாத. ஒண்ணும் ஆவல. உள்ள வா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. சாயங்காலத்துக்குள் பாதம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. பெரியம்மா வேலையிலிருந்து வந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு பொடனியிலயா கீது உனக்கு?" என்றாள். அதற்கு மேல் அவளாலும் திட்ட முடியவில்லை. சத்தம் போட்டால் வெளியே தெரிந்துவிடும். ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து துணியில் சுற்றி வைத்தாள். விரலை ஒவ்வொன்றாக ஆட்டச் சொன்னாள். எல்லாம் ஆடியது. எலும்பு உடையவில்லை என்றாள்.

வழக்கம்போல ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் காலைப் பார்க்கப் பெண்கள் வந்துவிட்டார்கள். அம்மா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, குளிராக இருக்கிறது என்றாள். எங்கள் ஊர் வெயிலுக்கு யாரும் அதை நம்பமாட்டார்கள். காலைக் காட்டு, பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி எத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருத்தி கிண்டல் செய்ய, அம்மா சிரித்துக்கொண்டே இடது காலை நீட்டினாள். அவர்கள் திருப்தியாகப் போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று மாரியம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். வீக்கம் வடிந்து ஆர்டர் கிடைத்தால் ஒரு வருஷத்துக்குப் பிரியாணி தொடமாட்டேன் என்றேன். ஆம்பூர்க்காரிக்கு அது சாதாரண வேண்டுதல் இல்லை.

காலையில் வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது. வேன் வந்தது. அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்றிவிடத் தெருவே முனையில் நின்றது. அம்மா வாசலிலிருந்து வேன் வரைக்கும் நொண்டாமல் நடந்தாள். அவள் எப்படி நடந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு டீச்சர் என்ன நடத்தினார் என்று கேட்டால் ஒரு வார்த்தை சொல்லமுடியாது. பதினைந்து வீட்டு அடுப்பை நான் ஒரு குடத்தால் அணைத்துவிட்டேன், தெரிந்தால் எங்களை ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள் என்பது மட்டுமே என் புத்தியில் ஓடியது.

ஐந்து மணிக்கு வேன் திரும்பியது. முதலில் இறங்கியது பெரியம்மா. படியில் நின்றபடியே, திங்கக்கிழமை எல்லோரும் கம்பெனி கார்டை எடுத்துக்கொண்டு வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். ஒருத்தி அங்கேயே அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அம்மா கடைசியாக இறங்கினாள், நன்றாக நொண்டிக்கொண்டே.

சாம்பிள் ரூமில் நடந்ததைப் பெரியம்மா அன்றைக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். ஐரோப்பாவிலிருந்து வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும். நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு உயிர் போகிற கூச்சம். இடது ஷூ சரியாக இருந்தது. வலது காலில் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தி, கடிக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டு, ரொம்ப நல்லா இருக்கிறது மேடம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். அப்போதுதான் அம்மா பேசினாள்.

"சார், இந்தக் கால்ல எனக்குச் சொல்லத் தெரியல. உள்ள வீங்கிகீது. நேத்து நானே கொடத்தக் கால்ல போட்டுக்கினேன். கடிக்கிறது ஷூவா வீக்கமான்னு தெரியாம நல்லா கீதுன்னு எப்டி சொல்றது?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லையாம். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது என்றாள் பெரியம்மா. யாரோ அதை இங்கிலீஷில் சொன்னார்கள். வெள்ளைக்கார அம்மா ஷூவையும் சாக்ஸையும் மெதுவாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, உச்சுக் கொட்டி, இந்தக் காலோடு இவளை எதற்கு நடக்கவிட்டீர்கள் என்று மேனேஜரைத்தான் கேட்டாளாம். இடது கால் சரியாக இருக்கிறது, அது போதும், வலதை அடுத்த வாரம் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் தெரு காவல் காத்த விஷயம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

தெருவுக்குக் கால் விஷயம் தெரிந்தபோது ஆர்டர் கையில் இருந்தது, அதனால் யாருக்கும் கோபம் வரவில்லை, கிண்டல்தான் வந்தது. எத்தனை பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டோம், கடைசியில் நீயே போட்டுக்கொண்டாயே என்று அம்மாவை வளைத்துக்கொண்டு சிரித்தார்கள். ரொம்ப வருஷத்துக்கு அவளுக்குத் தெருவில் குடம் என்றே பேர். அப்பா அன்று ராத்திரி பிரியாணி வாங்கிவந்தார். கூட வந்த கத்திரிக்காய்த் தொக்கை அம்மா விரலால் வழித்துத் தின்றாள். நான் மாரியம்மனிடம் கொஞ்சம் பேசி, பிரியாணியோடு வருகிற முட்டையை மட்டும் விட்டுக்கொடுப்பதாக வேண்டுதலைக் குறைத்துக்கொண்டேன்.

இப்போது நானும் ஒரு ஷூ கம்பெனியில்தான் இருக்கிறேன், வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற பிரிவில். இந்த வேலைக்கு வந்தபிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த ஆர்டர் அம்மாவின் காலில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அமெரிக்கா கைவிட்ட நேரத்தில் எங்கள் கம்பெனி எந்த விலைக்கும் தலையாட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். விலையைக் குறைத்துப் பேசி முடித்தபிறகுதான் சாம்பிள் பார்க்கவே விமானம் ஏறியிருப்பார்கள். கால் வீங்கியிருந்தால் என்ன, இரண்டு நாள் கழித்துப் பார்த்திருப்பார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். வீணாகப் பயந்தோமே என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அது உனக்கு இப்பத் தெரியுது. எனக்கு அன்னிக்குத் தெரியாதே" என்றாள்.

அவளுக்குத் தெரியாதுதான். தான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் ஆர்டர் போய்விடும் என்று நம்பிக்கொண்டுதான் அவள் அந்த ரூமில் நின்றிருக்கிறாள். போயிருந்தால் பதினைந்து வீடும் காலத்துக்கும் ஒருத்தியைத்தான் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கும். அந்த ஒருத்தி யார் என்பதை, முடிவு தெரிவதற்கு முன்னாலேயே, நானே போட்டுக்கினேன் என்று அவள் எழுதிக் கொடுத்த மாதிரி சொல்லிவிட்டாள். கால் விஷயத்தில் பொய் சொல்ல வராதவள் குடத்து விஷயத்தில் கண்ணிமைக்காமல் சொல்லியிருக்கிறாள். பத்து வயதில் இதில் எதுவும் எனக்கு எட்டவில்லை. பிரியாணி தின்றுகொண்டே, அப்பாடா, குடத்தைப் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.