பூ வைக்கும் நேரத்தில் கவிழ்த்த போன்

மார்ச் எட்டாம் தேதி காலையில் இந்த ஊர் ஆண்களெல்லாம் கையில் மஞ்சள் பூவோடு அலைகிறார்கள். பால் வாங்கப் போன கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வாளி நிறைய வைத்திருந்தார்கள். பெட்ரோல் பங்கிலும் விற்கிறார்கள். பூவின் பெயர் மிமோசா. பார்த்தால் நம் வேலமரத்துப் பூவேதான், உருண்டை உருண்டையாக, தொட்டால் விரலில் மஞ்சள் ஒட்டும். எங்கள் காவலூர்ப் பக்கம் வேலமரத்தை வெட்டி ஆட்டுப்பட்டிக்கு முள்வேலி போடுவோமே தவிர, அதன் பூவை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இங்கே இத்தாலியில் அந்த மாதிரிப் பூவுக்கு ஒரு நாள் முழுக்க மரியாதை. பெண்கள் தினமாம். மனைவி, அம்மா, கூட வேலை செய்கிறவள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்று யாருக்கு வேண்டுமானாலும் ஓர் ஆண் அதைக் கொடுக்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் இங்கே எண்பத்தாறு வயதான ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்கிறேன். சிஞ்ஞோரா என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கக்கூஸுக்குக் கூட்டிப் போவது, சக்கர நாற்காலியில் வைத்துத் தெருவைச் சுற்றி வருவது எல்லாம் என் வேலை. ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். அவர்கள் வழியாகத்தான் நாலு வருஷத்துக்கு முன் இங்கே வந்தேன். என் பெயர் அஞ்சலை. இவர்கள் வாயில் ஆஞ்செலா.

அன்று பத்து மணிக்குச் சிஞ்ஞோராவின் மகன் மார்க்கோ நாலு கொத்துப் பூவோடு வந்தான். அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. நாலாவதை என்னிடம் நீட்டினான். நான் சட்டென்று இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"நான் விதவை" என்றேன், எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில்.

அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ, எப்போது? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?"

"பதினாலு வருஷமாயிற்று."

அவன் என்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தான். "அதற்கும் பூவுக்கும் என்ன? என் அம்மாவும் விதவைதானே!"

சிஞ்ஞோரா அதற்குள் தன் கொத்தை ஸ்வெட்டரில் ஊக்கால் குத்திக்கொண்டு, உதட்டுச்சாயத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கொடுத்ததை வாங்கி அடுப்படி மேஜையில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் மலையிலிருந்து பைக்கில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வளைவில் விழுந்து செத்தார். எனக்கு முப்பது வயது. காரியத்தன்று எனக்குத் தலை நிறையப் பூ வைத்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ வைத்ததில்லை. வைத்த கையாலேயே பிடுங்கவும் பிடுங்கினார்கள். என் மகள் நந்தினிக்கு அப்போது ஒன்பது வயது. "அம்மா பூவ ஏன் புடுங்கறீங்க?" என்று கத்தினாள். அவளை வெளியே இழுத்துப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் பஸ் நிறுத்தத்துக்கு மொபெட்டில் கூடை கட்டி வரும் பூக்காரர் என்னைக் கண்டால் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார். நல்ல மனுஷன், என் மனசு சங்கடப்படக் கூடாது என்று அப்படிச் செய்கிறாராம். அவர் தள்ளி நிறுத்துவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

இதையெல்லாம் அன்றைக்கு நினைத்ததற்குக் காரணம் உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை, அதே நாளில் ஊரில் எங்கள் வீட்டில் நந்தினிக்குப் பூ வைக்கும் விசேஷம். மாப்பிள்ளை வீடு செங்கத்தில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் நல்லவன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. கல்யாணம் மே மாதம். இருக்கிற லீவை அதற்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததால் இதற்குப் போக முடியவில்லை. போனில் பார்த்துக்கொள்கிறேன் என்று என் அண்ணன் ஏழுமலையிடம் சொல்லியிருந்தேன். பெற்றவள் நான் கேட்டது அவ்வளவுதான், என் மகள் தலையில் பூ ஏறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்று காலை ஆறு மணிக்கே அண்ணன் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பியிருந்தார். "பெண்மையைப் போற்றுவோம், மகளிர் தின நல்வாழ்த்துகள்" என்று அதில் எழுதியிருந்தது. நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போட்டேன். புத்தி கெட்டவள்.

ஞாயிறு எனக்கு ஓய்வு நாள், அதையும் சொல்லியாக வேண்டும். மார்க்கோவின் மனைவி பாவ்லா ஒரு வாரம் முன்பே என் தோளைத் தொட்டு, "பெண்கள் தினத்துக்கு நாங்கள் பெண்களெல்லாம் வெளியே சாப்பிடப் போகிறோம், மாமியாரை நீ பார்த்துக்கொள்வாயா?" என்று கேட்டாள். நாங்கள் பெண்கள் என்றபோது அவள் கணக்கில் நான் வரவில்லை, அவளுக்கு அது உறைக்கவும் இல்லை. மே மாத லீவு அவள் கையில் இருக்கிறது. சரி என்றேன்.

இங்கே பதினோரு மணிக்கு அங்கே மூன்றரை, நல்ல நேரம். அண்ணி போனைப் பிடித்திருந்தாள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நந்தினியைப் பச்சைப் பட்டில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். தட்டு நிறைய மல்லியும் கனகாம்பரமுமாகச் சம்பந்தியம்மா எழுந்து வந்தார். வந்தவர் போனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அண்ணனின் காதில் எதையோ சொன்னார். அண்ணனின் முகம் திரைக்குள் வந்தது.

"அஞ்சல, நல்ல காரியம் நடக்கற நேரம்மா. கொஞ்ச நேரம் போன கவுத்து வெக்கச் சொல்றேன். தப்பா நெனச்சிக்காத."

"இன்னாண்ணா சொல்ற? நான் எங்கியோ கீறேன். போன்ல மொகம் தெரிஞ்சா கூடவா?"

"அவுங்க சொல்றாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க நாம. ரெண்டு நிமிசம்."

திரை கறுத்துவிட்டது. குப்புறப் படுத்த போனில் எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. அது அண்ணனின் வீடும் இல்லை, அங்கே உட்கார்ந்திருப்பவள் அவர் மகளும் இல்லை. என் வீடு, என் மகள். ஏழு கடல் தாண்டி வந்தும் என் முகம் ஒரு கண்ணாடித் துண்டுக்குள் தெரிந்தால் அவளுக்கு ஆகாதாம்! பதினாலு வருஷம் அவளை ஒற்றை ஆளாய் வளர்த்தபோது இந்த முகம் ஆகாமல் போகவில்லையே. ஜுரத்தில் கிடந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியபோது யாரும் வந்து என் முகத்தை மூடவில்லையே.

அப்போது நந்தினியின் குரல் கேட்டது. "போன நிமித்துங்க மாமா. அம்மா பாக்கட்டும்."

"நேரம் போவுது கண்ணு."

"போவட்டும். நிமித்துங்க."

அண்ணி ஏதோ சொன்னாள். பிறகு லைன் அறுந்தது. நான் திரும்பப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஏழு முறை போட்டேன்.

சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். "என் மகளுக்கு இன்று பூ வைக்கிறார்கள்" என்றேன். அவள் கைதட்டினாள். "உங்கள் ஊரிலும் இன்று பெண்களுக்குப் பூ கொடுப்பார்களா! எவ்வளவு அழகு! உன் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்." விளக்கிச் சொல்ல என்னிடம் அவ்வளவு இத்தாலிய மொழியும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆமாம், கொடுப்பார்கள் என்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பாவ்லாவும் அவள் மகளும் நாத்தனாரும் வாசனையடிக்கக் கிளம்பினார்கள். மூன்று பேர் கோட்டிலும் மஞ்சள் பூ. "நீ ஒரு தேவதை, ஆஞ்செலா" என்று பாவ்லா என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். தேவதைக்குச் சாப்பாட்டு மேஜையில் நாற்காலி கிடையாது போலிருக்கிறது. கதவைச் சாத்தினேன், கொஞ்சம் பலமாகவே.

சிஞ்ஞோராவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது நந்தினி கூப்பிட்டாள். தலை நிறையப் பூ. கண் வீங்கியிருந்தது.

"வெச்சிட்டாங்கம்மா. மூணு வாட்டி சொன்னேன். கையப் புடிச்சி உக்கார வெச்சிட்டாங்க. எழுந்து போயிருக்கணும், போவல."

"நீ எழுந்து போயிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பேன்னு நெனைக்கிறியா?"

"தெரில. மே மாசம் நீ வந்தா எங்க நிக்க வெப்பாங்க?"

"நிக்க வெக்க அவுங்க யாரு? உம் பக்கத்துல நிப்பேன்."

சொல்லிவிட்டேனே தவிர, என் குரல் எனக்கே தைரியமாகக் கேட்கவில்லை. அவள் போனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போனேன். மிமோசா மேஜையிலேயே கிடந்தது. ஒரு கிளையை ஒடித்தேன். பதினாலு வருஷமாகக் கை போகாத இடத்துக்கு எப்படிப் போவதென்று கைக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. கொண்டையில் செருகினேன். காம்பு குத்தியது. சிஞ்ஞோராவிடம் என் போனைக் கொடுத்து, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினேன். நடுங்கும் கையோடு மூன்று படம் எடுத்தாள். இரண்டு படத்தில் சுவர்தான் இருந்தது. மூன்றாவதை அண்ணன் ரோஜாப்பூ அனுப்பிய அதே குழுவில் போட்டேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அண்ணன் பார்த்தார், அண்ணி பார்த்தாள், சித்தி மகன் பார்த்தான். பத்து நிமிஷம் கழித்து அண்ணன் எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார். "அத எடுத்துடும்மா. சம்மந்தி வூட்ல பாத்தா இன்னா நெனப்பாங்க? பொண்ணு வாழ்க்க." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால்? என் கோபத்துக்கு அவள் விலை கொடுக்க வேண்டி வந்தால்? படத்தை அழிப்பதற்காக விரலை வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். குழுவில் நந்தினியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தில் அவள் முகம் இல்லை. அங்கே மஞ்சள் பூவோடு நான் இருந்தேன். என் படத்தை எடுத்து வாட்ஸப்பில் தன் படமாக வைத்துவிட்டாள். இனி அவள் மாப்பிள்ளைக்குப் போன் போடும்போதெல்லாம் செங்கத்து வீட்டில் என் முகம்தான் ஒளி விட்டு எழும். அதை யாரும் கவிழ்த்துவிட்டு அவளோடு பேச முடியாது. சிஞ்ஞோரா உள்ளேயிருந்து கக்கூஸுக்குப் போக வேண்டும் என்று கூப்பிட்டாள். படத்தை அழிக்காமல் என் முகத்தை அங்கேயே விட்டுவிட்டு, மிச்ச உடம்போடு அவளைத் தூக்கப் போனேன்.