கையெழுத்து மட்டும் எங்களுடையது

எங்கள் குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவதென்றால் மாதர் சங்கச் செயலாளரான என்னைத்தான் பிடிப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எழுத்து அழகு. எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வெறுந்தாளில் கையெழுத்து வாங்குவோம். கடிதத்தைப் பிறகு ஆறுதலாக எழுதி, அந்தத் தாள்களுக்கு மேலே வைத்துக் குத்துவோம். நெல் அறுக்கிற அருவி வெட்டு நேரத்தில் வயலில் நிற்கிற சனத்தை, கடிதம் எழுதி முடியும்வரை யார் மறித்து வைத்திருப்பது?

அந்த முறை கடிதம் ஒருத்திக்காக. இனக்கலவரக் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் மகள். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள், ஒன்றரை ஏக்கர் வயல். அதற்குக் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, அரசாங்கம் கொடுக்கிற பெர்மிற்றும் இல்லை. ஒருநாள் அதிகாரிகள் வந்து, இது காட்டு நிலம் என்று சொல்லி வயலின் நடுவே எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை மாவட்டக் கூட்டம். அங்கே ஒரு எம்.பி. அவளுக்காக வாய் திறக்காவிட்டால் அடுத்த போகத்துக்கு அவள் அந்த வயலில் கால் வைக்க முடியாது.

பிரதேச சபைத் தேர்தல் நெருங்கிய நேரம். எங்கள் வீட்டில் ஐயா காலத்திலிருந்து ஒரே கட்சிக்குத்தான் வாக்கு. அந்தக் கட்சியின் அமைப்பாளரிடம் கடிதத்தையும் கையெழுத்துத் தாள்களையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை எங்கட கூட்டத்துக்கு எம்.பி. வாறார். மேடையில நீங்களே வாசியுங்கோ” என்றார்.

உச்சி குளிர்ந்து வந்தேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அவளை முன்வரிசையில் இருக்கச் சொன்னேன்.

ஞாயிறு பின்னேரம் பொதுநோக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. எம்.பி. ஒரு மணித்தியாலம் பேசினார். யானை வேலியைப் பற்றி ஒருவர் எழும்பிக் கேட்டார். “முதல்ல தமிழருக்கு அரசியல் தீர்வு, மற்றதெல்லாம் பிறகு” என்று இருத்திவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அமைப்பாளர் தாள்களை என் கையில் தந்தார். மேல்தாள் டைப் அடித்திருந்தது. நான் எழுதிய கடிதத்தைக் காணவில்லை. கீழே எங்கள் சனத்தின் கையெழுத்துகள், அவளுடைய கோணல் எழுத்தும் சேர்த்து, அப்படியே இருந்தன.

‘தீர்வு கிடைக்கும்வரை சலுகை எதையும் கேட்கமாட்டோம் என இப்பிரதேச மக்களாகிய நாம் இத்தால் உறுதியளிக்கிறோம்.’

“இது எங்கட கடிதம் இல்லையே” என்று குசுகுசுத்தேன்.

“அது பைலில கிடக்குதக்கா. ரீவிக்காரர் கமராவோட நிக்கினம், இப்ப இதை வாசியுங்கோ.”

தீர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யுத்தத்தில் தம்பியைத் தொலைத்துவிட்டு இன்னும் தேடுகிறவள் நான், எனக்கு எவரும் அரசியல் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் வயலில் நட்ட கல்லைப் பிடுங்கு என்று கேட்பது எப்படிச் சலுகையாகும்? எனக்கு விசர் வந்தது. முன்வரிசையில் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை எறிந்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். கோதாரியில் போன என்னுடைய வாய், வீட்டில் சண்டை பிடிக்க மட்டும்தான் நீளம். கடைசிச் சொல்வரை வாசித்தேன். சனம் கைதட்டியது. நான் வாசித்ததால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பித் தட்டினார்கள்.

இறங்கி வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, என் காணி எந்த எடத்துல வந்துச்சு? படபடப்புல கவனிக்காம விட்டுட்டேன்.”

“வரேல்லை. கடிதத்தை மாத்திப்போட்டாங்கள்.”

“தெரிஞ்சா வாசிச்சீங்க?”

“ஓம்.”

ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நாளைக்குத்தானேக்கா கூட்டம். மைக்கு இன்னும் இருக்கு, போய்ச் சொல்லுங்க” என்றாள்.

மேடையில் எம்.பி. புறப்பட எழும்பிக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் திரும்ப ஏற எனக்குக் கால் வரவில்லை.

“பிறகு ஆறுதலாக் கதைப்பம்” என்றேன்.

அவள் என் கையை விட்டாள். பத்துப் பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள், படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

“ஐயா, என் வயல்ல கல்லு நட்டிருக்காங்க. அதுக்குத்தான் இவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அந்தக் கடுதாசி எங்கங்க?”

எம்.பி. அமைப்பாளரைப் பார்த்தார். அமைப்பாளர் நிதானமாக மைக்கை அவளிடமிருந்து வாங்கினார்.

“செயலாளர் அக்காதானே இப்ப வாசிச்சவா. அவாவைக் கேளுங்கோ.”

சனம் முழுக்க என் பக்கம் திரும்பியது.