அப்பாவின் ஆங்கிலமும் என் திருத்தங்களும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சபையில் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் என் குற்றம் ஒன்றும் இதில் உண்டு. அதை மறைத்தால் எழுதியதாகாது.

அப்பா பிறந்தது பனச்சமூட்டில். வறுமையால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ரப்பர் பால் வெட்டினார், சந்தையில் சுமடு தூக்கினார், பிறகு பஸ் கண்டக்டரானார். தமிழில் கேட்டவருக்குத் தமிழ், மலையாளத்தில் கேட்டவருக்கு மலையாளம். கோபித்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

அண்ணனின் மகன் லண்டனில் வளர்கிறவன். ஆங்கிலம் மட்டுமே அறிவான். அவனோடு பேசுவதற்காகவே அப்பா அறுபது வயதுக்குமேல் ஆங்கிலம் பேசத் தொடங்கினார். தனுவச்சபுரத்தில் ஆங்கில ஆசிரியையான நான், ஞாயிறுதோறும் வீடியோ காலில் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவேன்.

"ஐ வாஸ் இன் த பஸ்" என்று அவர் கதை ஆரம்பித்தால், "இன் இல்லப்பா, ஆன்" என்பேன்.

"பஸ்ஸுக்க உள்ள நின்னுல்லா டிக்கெட் குடுத்தேன் மக்கா. மேல ஏறி இருந்தா போலீசு பிடிச்சிருக்கும்!"

பேரன் ஒன்றும் புரியாமலே சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். நான் விடாமல் திருத்தினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அப்பா என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். பேச்சு 'ஹலோ'வோடு நின்றது. கடைசியில் அழைப்பு வந்தாலே, "நீ பேசு மக்கா, எனக்கு வாழைக்குத் தண்ணி விடணும்" என்று எழுந்துவிடுவார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசி வாரம் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் இருந்தோம். பேரன் அழைத்தான்.

"தாத்தா, வேர் ஆர் யூ?"

அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார். வாய் திறந்தவர் என்னைப் பார்த்தார்.

"மக்கா, ஆஸ்பத்திரிக்கு 'இன்'னா, 'அட்'டா?"

"எப்பிடி சொன்னாலும் பிள்ளைக்கு மனசிலாவும்ப்பா. நீங்க பேசுங்க."

அவர் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து மாஸ்க்கை மாட்டிவிட்டார். நான் போனைப் பிடித்தபடி நின்றேன். மறுநாள் காலை அப்பா போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய அடுத்த வீட்டு அண்ணனுக்கும், அப்பா போனபின் மூன்று நாளும் எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பெருங்கடவிளைச் சித்திக்கும், கூடியிருந்து ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று தாத்தா ஏன் தன்னோடு பேசவில்லை, தன் மேல் கோபமா என்று பேரன் இன்னும் கேட்கிறான். என்னால்தான் என்று அவனிடம் சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை.