இரும்பு டிரம்மில் வெந்த கூறைப்புடவை

குழம்பை எந்தச் சட்டியில் கொதிக்க வைத்தாலும் குழம்புதான், சாயமும் அப்படித்தான் என்று நம்பிய அறிவாளி நான். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில், என் மனைவியிடம் துணியில் அச்சடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அவள் பாடம் நடத்துவது கையால்தான். மரத்தில் செதுக்கிய அச்சைத் துணிமேல் வைத்து, அதன் முதுகில் ஓங்கிக் குத்த வேண்டும். நான் மெதுவாகக் குத்தினால் அடுத்த குத்து என் முதுகில் விழும்.

“துணிக்கு வலிக்கும்னு பாக்குறியா? குத்துய்யா!”

அச்சில் சிவப்பு கிடையாது. கெட்டித் தேயிலைச் சாற்றில் ஊறிக் காய்ந்த துணியில் படிகாரப் பசையைத்தான் அடிப்போம். பிறகு நுணா வேரோடு மண்பானையில் வேகவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் வெட்டுக்காயம் போலச் சிவந்து வரும்.

மச்சினனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூறைப்புடவை தன் அக்கா கையால் அச்சடித்ததுதான் என்று பெண் வீட்டில் பெருமையடித்திருந்தான். அவளும் அடித்து முடித்துவிட்டு, பத்திரிகை வைக்க ரிங்லெட்டுக்குப் புறப்பட்டாள்.

“நான் வர்ற வரைக்கும் அதத் தொடாத.”

தொட்டேன். பானை சின்னது, புடவை பெரியது. பாக்டரிக்குப் பின்னால் கிடந்த துருப்பிடித்த டிரம்மை உருட்டி வந்து அடுப்பில் ஏற்றி, வேரோடு புடவையையும் அதில் வேகவைத்தேன். தேயிலைச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது எனக்குத் தெரியாது. குச்சியால் தூக்கிப் பார்த்தபோது, பூவும் இல்லை, சிவப்பும் இல்லை. புடவை முழுக்கக் கரி.

அந்த நேரம் பார்த்துத்தான் லோரி வந்து நின்றது. புடவையை வாங்கிப் போகப் பெண்ணின் அண்ணன், கோலா தெர்லாவில் கோஸ் தோட்டம் வைத்திருப்பவன், மச்சினனோடு இறங்கினான். இடுப்பில் கோஸ் வெட்டுகிற பாராங் கத்தி. குச்சியில் தொங்கியதைப் பார்த்தான்.

“என் தங்கச்சிக்குக் கருமாதித் துணியாடா?”

டிரம்மை எட்டி உதைத்தான். கொதிநீர் என் காலில் கொட்டியது. மச்சினன் அவன் சட்டையைப் பிடித்தான். அவன் நெற்றியால் மோதி மச்சினன் மூக்கை உடைத்தான்.

நான் அச்சு மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. “தோலோங்! தோலோங்!” என்று கத்தினேன். லயம் முழுக்கத் தமிழர்கள், உதவி மட்டும் மலாயில். முனியாண்டிக்கு ஒரு கிடா நேர்ந்தேன். பாராங் மேசைப் பலகையைப் பிளந்துகொண்டு என் காதருகே நின்றதும் அதை ரெண்டு கிடாவாக்கினேன்.

“வெளிய வாய்யா பொட்ட!”

“வரமாட்டேன்லா!” என்று நேர்மையாகப் பதில் சொன்னேன்.

அவன் பாராங்கைப் பிடுங்கிக் குனிந்து என் கழுத்தைத் தேடினான்.

“மாமாவ விடுறா!” மச்சினன் மேசைமேல் கையை ஊன்றிக் குறுக்கே பாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேசை ஒருமுறை அதிர்ந்தது.

வெட்டு மச்சினன் இடக்கையில் விழுந்திருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. வெட்டியவனைப் போலீஸ் கொண்டுபோனது. கல்யாணம் நடக்கவில்லை.