கம்பெனி போச்சு, சம்சாரம் எங்கே?

போன வாரம் திருச்சி விமான நிலையத்தில் எனக்கு உயிரே போய்த் திரும்பியது.

கொழும்பிலிருந்து வரும் என் சம்சாரத்தை அழைத்துவர, ஆலங்குடியில் முதல் பஸ் பிடித்துப் போயிருந்தேன். கவுண்ட்டரில் விமானக் கம்பெனி பேரைச் சொன்னேன். அங்கிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அந்தக் கம்பெனியே இல்லீங்க."

இல்லையா? அவள் கையில் இருப்பது அந்தக் கம்பெனி டிக்கெட்டாயிற்றே! அதை நம்பித்தானே ஏற்றிவிட்டேன்... கம்பெனி இல்லையென்றால் என் வீட்டுக்காரி எங்கே? பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஊர் அம்மனைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

அது ரொம்பச் சின்னக் கம்பெனி. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துப்போட்ட விமானங்களை வாங்கி ஓட்டினார்கள். டிக்கெட் கொடுப்பவரே மூட்டையும் தூக்குவார். அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து வல்லத்திராக்கோட்டைக்காரர் — அந்தத் தைரியத்தில்தான் போனோம்.

சில மாசம் முன்பு, கொழும்பில் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் பயணமே செய்யக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா உடனே வரவும்" என்று தந்தி. கப்பலுக்குக் காத்திருக்க முடியுமா?

விமானத்தில் மூட்டைக்கு எடைக் கட்டுப்பாடு உண்டென்று யாரோ சொல்ல, என் சம்சாரம் ஒரு காரியம் செய்தாள். லேகிய டப்பா, சுக்கு, கருப்பட்டி, பிள்ளைக்கு உரை மருந்து — எல்லாவற்றையும் துணியில் சுற்றிச் சேலைக்குள்ளே இடுப்போடு கட்டிக்கொண்டாள்! பை மட்டும் பூப்போல இருந்தது.

வல்லத்திராக்கோட்டைக்காரர் பையைத் தராசில் வைத்தார். "சரி. இப்ப நீங்க ஏறுங்கம்மா."

"நானா?"

"ஆமாங்க. சின்ன விமானம். ஆளையும் எடை போட்டுத்தான் ஏத்துவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷரைத் தராசில் ஏற்றுவதா? நம்ம பக்கம் கோயிலில், எடைக்கு எடை வெல்லம் கொடுக்கும்போதல்லவா அது நடக்கும்! அவளும் அப்படியே நினைத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கிழக்கே பார்த்துக் கைகூப்பினாள்.

"ஆத்தா, எம் மகளக் காப்பாத்து. இந்த எடைக்கு வெல்லம் தாரேன்!"

"நூத்தி எண்பது ராத்தல்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார் அவர்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

விமானம் தாங்காதாம். வெள்ளைச் சட்டையில் பைலட்டே வந்துவிட்டார். இவள் சுவர்ப்பக்கம் திரும்பி, இடுப்புக் கட்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். லேகிய வாசனை தூக்கியது.

"இத விட்டுட்டு நான் மட்டும் போயி என்ன செய்ய? என்னைய விட்டுட்டு இத அனுப்புங்க" என்றாள்.

வல்லத்திராக்கோட்டைக்காரர் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். பைலட் விமானத்துக்குப் போய்த் தன் சொந்தப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். அவ்வளவுதான். அவளும் பறந்தாள், லேகியமும் பறந்தது. சுகப்பிரசவம், ஆண் குழந்தை என்று தந்தியும் வந்தது.

அப்படிப்பட்ட கம்பெனி இல்லையென்றால்?

"அண்ணே, இங்கிட்டு ஏன் உக்காந்திருக்கீங்க?"

நிமிர்ந்தால் அதே வல்லத்திராக்கோட்டைக்காரர் — புது யூனிஃபாரத்தில்!

"சர்க்கார் எல்லாக் கம்பெனியையும் ஒண்ணாச் சேத்துருச்சு. பேருதான் போச்சு. அதே விமானம், அதே பைலட், அதே நான். பழைய டிக்கெட்டும் செல்லும்."

இதை அந்தக் கவுண்ட்டர்காரர் முதலிலேயே சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

விமானம் வந்து நின்றது. பழைய பேர்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். எழுத்து லேசாகத் தெரிந்தது. இறங்கி வந்தவளின் முதல் பேச்சு: "ஏங்க, இந்தத் தடவ ஆளத் தராசுல ஏத்தலைங்க. தப்பிச்சேன்!"

எங்கே தப்பிப்பது? வெள்ளிக்கிழமை கோயில் தராசில் ஏறினாள். எதிர்த்தட்டில் நூற்றெண்பது ராத்தல் வெல்லம். இடுப்பில் இப்போது கட்டு எதுவும் கிடையாது. ஆனாலும் வெல்லத்தட்டு மேலேயே நின்றது. மகள் வீட்டுச் சாப்பாடு!

"நான் வேண்டுனது அன்னைக்கு எடைக்குங்க" என்றாள், பரிதாபமாக.

பூசாரி என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு இறக்கப் பைலட்டின் பெட்டி இருந்தது. இங்கே... நான்தான் வெல்லக் கடைக்கு ஓடினேன்.